அனுராதாவின் முகத்தில் மூன்று பட்டா

என் அக்காள் மகள் அனுராதாவுக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டது நான். காய்ச்சல் இறங்கியது அவளுக்கு. அவள் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் ஆறு நாள் சஷ்டி விரதம் கிடந்து சுருண்டு விழுந்தது என் அக்காள் கோமு. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியது அனுராதா. எங்கள் வீட்டில் இது வழக்கம். ஒருத்தர் வயிறு காயும், இன்னொருத்தருக்குப் பலன் வந்து சேரும். இதில் என்ன கோளாறு என்று இந்த ஆடி மாதம் வரை எங்களை யாரும் கேட்டதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு எங்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று பேசுகிறவர்கள் டவுனில் நாலு தெருவில் இருக்கிறார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் ஒரு வேளை காப்பியைக்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

என் பெயர் குற்றாலலிங்கம். வடக்கு ரத வீதியில் குடையும் பள்ளிக்கூடப் பையும் விற்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூன்று வேளையும் அக்காள் வீட்டுச் சாப்பாடுதான். அத்தான் சிவசண்முகம் நில அளவைத் துறையில் வரைவாளர். முப்பது வருஷமாக ஊரார் வயலையும் மனையையும் காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்துக்கொடுத்தவர். எதைப் பார்த்தாலும் அதற்கு எல்லை எங்கே, அது யார் பேரில் இருக்கிறது என்று கேட்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போன வியாதி.

அனுராதா வேதியியல் படித்தவள். வயது இருபத்திரண்டு. பிளஸ் டூ படிக்கும்போது முகத்தில் பரு வர ஆரம்பித்தது. கூடவே கொரோனாவும் வந்தது. கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை ஊரே கழற்றிப் போட்டுவிட்டது. அவள் மட்டும் கழற்றவில்லை. மாஸ்க்கோடு காலேஜுக்குப் போனாள், மாஸ்க்கோடு பட்டம் வாங்கினாள். சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்து தனியாகத் தயிர்சாதம் தின்றாள். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது.

அப்படிப்பட்டவளுக்கு மே மாதம் வேலைக் கடிதம் வந்தது. கங்கைகொண்டானில் டைல்ஸ் செய்கிற கம்பெனி. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பெல்ட்டில் ஓடி வருகிற டைல்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்து, புள்ளி விழுந்ததை எடுத்துத் தள்ள வேண்டும். அவள் கேட்டு வாங்கிய வேலை. கடிதம் வந்த அன்று வீட்டுக்குள் மாஸ்க் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ராத்திரி கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். தினமும் கேட்டில் ஒரு மெஷின் முன்னால் முகத்தைத் திறந்து காட்டினால்தான் கதவு திறக்குமாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"நான் போகல" என்றாள்.

"ஏட்டி, என்ன சொல்லுத?" என்றாள் அக்காள்.

"புள்ளி விழுந்த டைல்ஸைத் தள்ளுத வேலைம்மா. இந்த மூஞ்சியோட போயி நின்னா மொதல்ல என்னையத்தான் தள்ளுவாங்க. பரு போனா போறேன். போகலன்னா இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். அடக்கி அழவில்லை, வாய்விட்டு அழுதாள். நாங்கள் மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் முதல் வாரம் பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் ஜுபைதா பீவியிடம் அழைத்துப் போனோம். மேலப்பாளையத்துக்காரர். நிதானமானவர். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, பூசுவதற்கு ஒரு களிம்பும் மாத்திரையும் எழுதினார்.

"சாப்பாட்டையும் கொஞ்சம் பாக்கணும்" என்றார். "எல்லாருக்கும் சாப்பாட்டால வருதுன்னு சொல்ல முடியாது. சிலருக்கு இனிப்பு, மைதா, பால் இதுங்களால கூடும். ஒரு பன்னெண்டு வாரம் இந்த மூணையும் கொறைச்சுப் பாப்போம். பட்டினியெல்லாம் கிடக்க வேண்டாம். ஆறு வாரம் கழிச்சு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூட்டம் போட்டார்.

"பாலும் இல்ல, மைதாவும் இல்ல, இனிப்பும் இல்லன்னா புள்ள என்னத்தத் திங்கும்? வேலைக்குப் போற புள்ள. ஏற்கெனவே ஈர்க்குச்சி கணக்கா இருக்கா."

"அதுக்கு?" என்றேன்.

"நாம இருக்கோம்லா வே" என்றார். "மூணு சாமானு. மூணு பேரு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எங்களில் யாருக்கும் அது கிறுக்குத்தனமாகத் தோன்றவில்லை. மொட்டை போட்ட எனக்கு எப்படித் தோன்றும்? அக்காள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு காப்பி குடிப்பவள், பாலைத் தான் விடுவதாக முதலில் முன்வந்தாள். அத்தான் மைதாவை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பேக்கரி பப்ஸும், சனிக்கிழமை பரோட்டாவும் இல்லாமல் அவர் ஒரு வாரம் கடந்ததாக நினைவில்லை. மீதி இருந்தது இனிப்பு. என் கடைக்கு நேர் எதிரில் அல்வாக் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூடாக வாழையிலையில் ஐம்பது கிராம் வாங்கி, கை சுடச்சுட நின்றுகொண்டே விழுங்குவது இருபது வருஷத்துப் பழக்கம்.

"சரி" என்றேன். தாய்மாமன் வேறு என்ன சொல்ல முடியும்?

அனுராதா எங்களைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். லேசாகச் சிரிக்கவும் செய்தாள். "சாப்பிடுதவங்களுக்குத்தாம்ப்பா ரத்தத்துல சர்க்கரை ஏறும்" என்று ஏதோ ஆரம்பித்தாள். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்கு டைபாய்டு வந்தப்ப மாமா மொட்டை போட்டானே, உனக்கா முடி போச்சு?"

அவள் என் தலையைப் பார்த்தாள். நானும் தலையைத் தடவிப் பார்த்தேன், அத்தான் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போனோம். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வருவார்களே, அந்த முறைப்படி ஆற்றில் விட்டுவிடுவது என்று அத்தான் ஏற்பாடு. மூன்று பேரும் முழுக்குப் போட்டோம். அக்காள் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து ஊற்றினாள். அத்தான் பார்சலைப் பிரித்து இரண்டு பரோட்டாவை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார். நான் கால் கிலோ அல்வாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். தாமிரபரணியில் நின்றுகொண்டு தாமிரபரணித் தண்ணீரில் கிண்டிய அல்வாவைத் தாமிரபரணிக்கே திருப்பிக் கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பக்கத்துப் படியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்த பலவேசம் அண்ணாச்சி சத்தம் போட்டார்.

"ஏ, என்னத்தவே ஆத்துல கொட்டுதிய?"

"விரதம் அண்ணாச்சி" என்றார் அத்தான்.

"பரோட்டாவுக்கு எந்தச் சாமிவே விரதம் கேக்கு?"

மீன்கள் வந்து அல்வாவை மொய்த்தன. மீனுக்குப் பரு வருமா என்று யோசித்தபடி கரை ஏறினேன்.

நாங்கள் விட்டதெல்லாம் வீட்டுக்கு வராமல் நின்றுவிடவில்லை. அங்கேதான் கோளாறு. பால்காரர் வழக்கம்போல ஒரு லிட்டர் ஊற்றினார். உறவுக்காரர்கள் வழக்கம்போல அல்வாவோடு வந்தார்கள். வீணாக்கலாமா? எல்லாம் அனுராதாவுக்குப் போயிற்று. அவள் வேண்டாமென்று தள்ளினாள். "எனக்குத்தானம்மா டாக்டர் சொன்னாங்க. நானும் விட்டுருதேனே" என்று கெஞ்சினாள். அத்தான் ஒப்பவில்லை. ஒரு வேண்டுதலுக்கு ஒரு மொட்டைதான், ஒரே காரியத்துக்கு இரண்டு பேர் விரதம் இருந்தால் சாமி எதைக் கணக்கில் எடுக்கும் என்று கேட்டார். அக்காள் தம்ளரை நீட்டி, "நாங்க உனக்காண்டி வாயக் கட்டிட்டு இருக்கோம், நீ குடிக்க மாட்டியாக்கும்?" என்று மூக்கை உறிஞ்சினாள். அனுராதா குடித்தாள்.

ஏழாம் நாள் காலையில் அவள் நெற்றியில் நாலு பரு காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. களிம்பு செய்த வேலை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு யார் களிம்பை நினைத்தார்கள்? அக்காள் சாமி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். அனுராதா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். திரும்பியபோது அவள் முகத்திலும் ஒரு ஆசை தெரிந்தது. அன்றிலிருந்து எதிர்ப்பேச்சு இல்லை. மூன்று வருஷம் படித்த வேதியியலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டாள். பாவம், இருபத்திரண்டு வயசு. நம்பத்தானே செய்யும்.

அத்தான் அன்று ஆபீஸிலிருந்து பெரிய வரைபடத் தாள் ஒன்று கொண்டுவந்தார். மகள் முகத்தை அதில் வரைந்தார். அழகு, சாயல் எதுவும் இல்லை, வயலுக்கு வரைகிற மாதிரி எல்லைக்கோடு போட்ட புலப்படம். ஒவ்வொரு பருவுக்கும் ஒரு புல எண் கொடுத்தார். ஒட்டிப் பிறந்த இரட்டைப் பருவுக்கு ஒரே எண்ணில் இரண்டு உட்பிரிவு. பிறகு முகத்தைப் பிரித்தார். நெற்றியில் பரு குறைந்தது கோமு பாலை விட்டதால். ஆகவே நெற்றி முழுக்க அவள் பேரில் பட்டா. இரண்டு கன்னமும் மைதாவுக்கு, அதாவது அவர் பேரில். வாய்க்குக் கீழே நாடி முழுவதும் என் பேரில்.

"மூக்கு?" என்று கேட்டேன்.

"புறம்போக்கு" என்றார். "அதுல வந்தா யாரையும் கேக்க முடியாது."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு முற்றத்தில் அனுராதாவை வெளிச்சத்தைப் பார்க்க நிறுத்தி விசாரணை நடக்கும். அத்தான் கையில் புலப்படம். அக்காள் கையில் டார்ச். எந்த இடத்தில் புதிதாகப் பரு முளைத்திருக்கிறதோ அந்த இடத்துப் பட்டாக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எதிர்க்கடையில் நெய்யும் கோதுமையும் முறுகுகிற வாசம் வந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டேன். ஐம்பது கிராம். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். மறுநாள் காலை அனுராதாவின் நாடியில், நட்ட நடுவில், குண்டாக ஒன்று நின்றது.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். என் நாக்கில் கரைந்தது அவள் தோலில் வந்து நிற்கிறது! அத்தான் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, நாடியில ஒண்ணு வந்திருக்கே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தான்" என்றேன்.

ஐந்து நாள் வாயைக் கட்டினேன். பரு அமுங்கியது. ஆறாம் நாள் மறுபடி தின்றேன். மறுநாள் மறுபடி முளைத்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பிள்ளையை நான்தான் கெடுக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் தலையணையைக் குத்தினேன். சாயங்காலமானால் கால் தானாக எதிர்க்கடைக்குப் போனது. அல்வா தின்றுகொண்டே அழுதவன் நான். கடைக்காரர் அதை நெய்யின் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

என் நாடி மட்டும் நிறையவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல். அக்காளின் நெற்றியில் வரிசையாக வந்தது. அத்தானின் கன்னங்களில் மழைக்கு முளைத்த மாதிரி வந்தது. விசாரணையில் இருவரும் சத்தியம் செய்தார்கள். ஒரு சொட்டுப் பால் இல்லை, ஒரு துண்டு பப்ஸ் இல்லை. நானும் சத்தியம் செய்தேன். என்னளவுக்குப் பொய் சொல்கிற ஆள் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்று வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் வாயின் வலது ஓரத்துக்குக் கீழே ஒன்று முளைத்தது. கன்னமா, நாடியா? அத்தானுக்கும் எனக்கும் வாய்த் தகராறு முற்றிவிட்டது. அவர் ஸ்கேலை எடுத்து மகள் முகத்தில் வைத்தார். புருவப் பென்சிலால் எல்லைக் கோடு போட்டார்.

"ஏட்டி, அசையாத. வாய் ஓரத்துலேருந்து நேர்கோடு. பருவோட மையம் உம்ம பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் விழுது வே."

"அவ சிரிச்சா கோடு நகருமே அத்தான். சிரிக்கச் சொல்லி அளந்து பாருங்க. அப்ப உங்க பக்கம் வரும்."

"ஏட்டி, சிரி."

அனுராதா சிரிக்கவில்லை. முகத்தில் கோட்டோடு நின்றாள். கண்ணிலிருந்து இரண்டு சொட்டு இறங்கிப் பென்சில் கோட்டில் பட்டது. அத்தான் அதைத் துடைத்துவிட்டு, எல்லை அழிந்துபோயிற்றே என்று வருத்தப்பட்டார். நானும் அதற்குத்தான் வருத்தப்பட்டேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜூலை நடுவில், ஆடி பிறந்த வாரம், மறுபடி டாக்டரிடம் போனோம். முதல் தடவை போனபோது முகத்தில் முப்பத்தொன்று. இப்போது நாற்பத்தாறு, மூக்கு நீங்கலாக. மாஸ்க்கைக் கழற்றியதும் டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"மருந்து போட்டியாம்மா?"

"தவறாம போட்டேன் டாக்டர்."

"சாப்பாடு?"

அத்தான் முந்திக்கொண்டார். "கடுமையா கடைப்பிடிச்சோம் டாக்டரம்மா. பால், மைதா, இனிப்பு மூணையும் ஆத்துல விட்டாச்சு."

டாக்டர் அனுராதாவையே பார்த்தார். "நேத்து என்ன சாப்பிட்ட?"

அவள் விரல் விட்டுச் சொன்னாள். "காலையில பூரி. பால் மூணு தம்ளர். மதியம் சாப்பாடு, பாயசம். சாயங்காலம் அல்வா. ராத்திரி பரோட்டா ரெண்டு."

"பாலும் இனிப்பும் மைதாவும் கொறைக்கச் சொன்னேனே?"

"அத இவங்க விட்டிருக்காங்க டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தான் புலப்படத்தை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் மருந்து டப்பாவை எடுத்து வைத்து, பட்டா விவரத்தை முதலிலிருந்து விளக்கினார். டாக்டர் குனிந்து படத்தைப் பார்த்தார். முழுக்கக் கேட்டார். கடைசியில் விரலை வைத்து, "இந்த மூக்கு?" என்றார்.

"அது புறம்போக்கு டாக்டரம்மா."

அடுத்த டோக்கன்காரர் வெளியேயிருந்து கதவைத் தட்டினார். டாக்டர் அவரைக் காத்திருக்கச் சொன்னார்.

"சார், ரமலானுக்கு நான் முப்பது நாள் நோன்பு வைக்கேன். உங்க வயிறு காயுதா?"

"அது வேற டாக்டரம்மா…"

"வேற இல்ல. மெல்லுதவங்க ரத்தத்துலதான் போகும். எந்த இடத்துல பரு வருதுன்னு வச்சு எதைச் சாப்பிட்டாங்கன்னும் சொல்ல முடியாது."

எனக்குத் தாங்கவில்லை. இந்த அம்மாள் நல்லவர், எங்கள் பாவத்தை மறைத்து அறிவியல் பேசுகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இல்ல டாக்டர்! விரதத்துல குத்தம் இல்ல. குத்தம் என் மேல. நான் அல்வா தின்னேன். பதினேழு தடவ!"

அக்காளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுல காப்பி குடிச்சேன், தினமும் ரெண்டு" என்று விம்மினாள். அத்தான் தலையைக் குனிந்து புலப்படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"பப்ஸ். பன்னும். கொக்கிரகுளத்துல ஆபீஸ் வாசல்லயே."

மூன்று பேரும் அழுதோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அழுதோம். ஆறு வாரமாகத் தான் ஒருத்தர்தான் பாவி என்று மூன்று பேரும் தனித்தனியாக ராத்தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறோம்.

"அப்ப இந்த வீட்டுல ஒருத்தர்கூட டயட் இருக்கல" என்றார் டாக்டர்.

அனுராதா எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டாக்டரிடம் வேலைக் கடிதத்தையும் கம்பெனி வாசல் மெஷினையும் பற்றிச் சொல்லி, "நான் இப்பமேருந்து இருந்தா ஒண்ணாந் தேதிக்குள்ள போயிருமா?" என்று கேட்டாள்.

"முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். கொறையலாம். மருந்து வேலை செய்ய நேரம் கொடுக்கணும். பாப்போம்." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எத்தனை இருந்தாலும் கதவு தொறக்கும்மா. மெஷினுக்கு அது தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அனுராதா புலப்படத்தை எடுத்து நாலாக மடித்து அப்பா கையில் கொடுத்தாள்.

"இனிமே என் சாப்பாட்ட நான் பாத்துக்கிடுதேன். நீங்க எல்லாம் காப்பி குடிங்க, பப்ஸ் தின்னுங்க. ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

"சொல்லுட்டி" என்றோம் மூன்று பேரும்.

"ஒண்ணாந் தேதி வரைக்கும் என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கப்படாது."

"எப்படிட்டி பாக்காம இருக்கது?"

"எனக்காண்டி என்னமும் செய்வியள்லா? இதச் செய்ங்க. பாத்தா நான் வேலைக்குப் போகமாட்டேன்."

செய்தோம். அல்வாவை விடுவதைவிட ஆயிரம் மடங்கு கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. அத்தான் அவள் வரும் சத்தம் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். பழைய பேப்பரோ தலைகீழோ கவலையில்லை. அக்காள் அவள் கால் விரலைப் பார்த்துப் பரிமாறியதில் ரசம் பாதி தரைக்குப் போனது. நான் சுவர்க் கடிகாரத்திடம்தான் பேசினேன். "அனு, கடைக்கு வாரியா?" என்று கடிகாரத்தைக் கேட்பேன். பின்னாலிருந்து அவள் பதில் சொல்வாள். மனை வரைபடம் கேட்டு வந்த தேவசிகாமணி சார், நாங்கள் நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு, சொத்துத் தகராறு என்று முடிவுகட்டி, "கோர்ட்டுக்கு மட்டும் போயிராதிய" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது காதில் விழும். சிறுபயறு விசில் அடிக்கும். கேப்பைக்களி கிண்டுகிற சத்தம் கேட்கும். என்ன தின்றாள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பேனா ஓடும் சத்தமும் கேட்கும். குறைகிறதா, கூடுகிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்கவும் கூடாது என்று இரண்டாவது வாரம் ஒரு சட்டம் சேர்த்துவிட்டாள். அத்தான் பென்சிலை எடுத்து எடுத்துச் சட்டைப் பையிலேயே செருகினார். எனக்கு அந்த ஏழு வாரமும் அவள் குரல் மட்டும்தான். அந்தக் குரல் நாளுக்கு நாள் பழையபடி ஆவதுபோலத் தோன்றும். ஒரு நாள் குளிக்கும்போது பாடினாள். அக்காள் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி. கம்பெனி வேன் தச்சநல்லூர் நிறுத்தத்துக்குக் காலை ஆறரைக்கு வரும். அக்காளும் அத்தானும் வாசலில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி விபூதி பூசி அனுப்பினார்கள். விபூதி அவள் காதில் பட்டது என்று பிறகு தெரிந்தது. நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருந்தேன். அதில் மேகம்தான் தெரிந்தது.

நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் இறங்கினாள். நான் ஒரு சிமெண்ட் விளம்பரத்தைப் பார்த்து நின்றேன். ஏறுவாளா, வேனைக் கண்டதும் திரும்பி வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்துவிடுவாளா என்ற கவலையில் விளம்பரத்தை மூன்று தடவை படித்தேன். பின்னால் யாரோ ஒரு பெண், "நீங்களும் இன்னைக்குத்தான் சேருதியளா?" என்று கேட்டாள். "ஆமா, ஒங்களுக்கு எந்த ஊரு?" என்றாள் அனுராதா. குரல் துணிக்குள்ளிருந்து வரவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஐந்து வருஷமாகத் துணிக்குள்ளிருந்து வந்த குரலைத்தானே வெளியில் கேட்டிருக்கிறேன். நாலு பேர் நடுவில், வெட்டவெளியில், அவள் திறந்த முகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

வேன் வந்து நின்றது. "மாமா, திரும்புங்க" என்றாள்.

திரும்பினேன்.

வேன் போனபிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்காள்.

"பாத்தியாலே? எத்தனலே இருக்கு?"

வாயைத் திறந்தேன். எத்தனை? இருந்தது, நிச்சயமாக இருந்தது. நாடியில் இருந்ததா, நெற்றியிலா? நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். என் கண் முன்னால் வந்தது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வேனில் இடம் பிடிக்கிற அவசரத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டிய ஒரு பெண்பிள்ளை மட்டும்தான்.

"எண்ணலக்கா" என்றேன்.

"என்னலே நீ? ஏழு வாரம் கழிச்சுப் பாத்துட்டு, எண்ணலங்குத? போ, இன்னொருக்கப் பாத்துட்டுச் சொல்லு."

"வேன் போயிட்டுக்கா."

"அனு?" என்றாள்.

"ஏறிப் போயிட்டா."

"ஏங்க, போயிட்டாளாங்க" என்று அவள் அத்தானிடம் சொல்வது கேட்டது. அப்புறம் போனை வைக்க மறந்துவிட்டு இரண்டு பேரும் அழுதார்கள். நான் ரோட்டோரம் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.